வணக்கம் சேரின் மூன்று இடமாற்றங்கள்

மகனுக்கு,

நேற்றுப் பிற்பகல் உறுதியான செய்தியிலிருந்து தொடங்குகிறேன். அரசியல் பழிவாங்கலுக்கு உள்ளானதாகச் சொல்லும் அரச அதிகாரிகளின் மேன்முறையீடுகளைப் பார்க்கும் குழு, உன்னுடைய பெரிய சேரான பொலிஸ் அதிகாரியின் விண்ணப்பத்தை விசாரணைக்கு எடுத்துவிட்டது. ஆட்சேபம் தெரிவித்தவன் என்ற முறையில் கடிதம் என் பெயருக்குப் போன கிழமையே பதிவுத் தபாலில் வந்தது. குழுவின் செயலகத்து எழுதுவினைஞரைத் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். விண்ணப்பத்தோடு இணைப்புகள் மூன்று. மூன்றும் தமிழ்ப் பத்திரிகை நறுக்குகள், சிங்கள மொழிபெயர்ப்போடு. மூன்றையும் எழுதியவன் நான். கடிதத்தின் கடைசிப் பந்தி உன்னைப் பற்றியது, பெயர் மட்டும் இல்லை. ஆட்சேபத்தின் தரப்பில் வரும் தமிழ்ச் சாட்சிக்கு மொழிபெயர்க்கக் குழுவிடம் ஆள் இல்லாதபடியால், விண்ணப்பதாரர் தன் அலுவலகத்திலிருந்தே தமிழ் தெரிந்த உப பொலிஸ் பரிசோதகர் ஒருவரைத் தந்து உதவ முன்வந்திருக்கிறார். அவருடைய அலுவலகத்துக்கு உனக்கு இடமாற்றம் வந்திருப்பதாகப் போன கிழமை நீ அம்மாவிடம் சொன்னாய். இரண்டு தகவலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றாவது தானாக வந்துவிடுகிறது.

மூன்று நாளாக நீ என் அழைப்பை எடுக்கவில்லை. இதைப் பத்திரிகையில் எழுதுவதற்கு அது காரணமில்லை. நான் செய்த பிழை அச்சில் செய்த பிழை. அதை வீட்டுக்குள் உட்கார்ந்து காதோடு காதாகத் திருத்த முடியாது. பிழையை வாசித்தவர்கள் திருத்தத்தையும் வாசிக்க வேண்டும். ஆசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், அதிகாரியின் பெயர் வேண்டாம் என்று. ஒத்துக்கொண்டேன். கண்டியில் தமிழ்க் கடைக்காரரில் பாதிப் பேருக்கு அவருடைய உண்மைப் பெயர் தெரியாது. அவர்களுக்கு அவர் ‘வணக்கம் சேர்’. கோவில் அறங்காவலர்களுக்கும் அப்படித்தான், தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் அப்படித்தான். எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. இப்போதும் அந்தப் பெயரையே எழுதுகிறேன், ஆனால் முன்பு சொன்ன குரலில் அல்ல.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு தேர்த் திருவிழாவில். அப்போது அவர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், கண்டிக்குப் புதிது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வந்தவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். “எல்லாருக்கும் வணக்கம். நான் உங்க சகோதரன். தேர் நல்லா போகணும்” என்றார். அவ்வளவுதான். கூட்டம் கைதட்டிய தட்டில் குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற துணிக்கடை முதலாளி கண் கலங்கி, “எவ்வளவு அழகா தமிழ் பேசறாரு பாத்தீங்களா” என்றார். அந்த முதலாளி காலையில் கடை திறந்தது முதல் பூட்டும்வரை சிங்களம் பேசுகிறவர். நானும் அப்படித்தான். நீயும் அப்படித்தான். கச்சேரி அலுவலகத்தில், வங்கியில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் நாம் பேசும் சிங்களத்துக்காக இந்த ஊரில் யாரும் ஒரு செவ்வந்திப் பூவைக்கூட நமக்குத் தந்ததில்லை. அவர் மூன்று வசனம் தமிழில் சொன்னார், நாம் மாலையும் பொன்னாடையும் போட்டோம். நான் அரைப் பத்தி எழுதினேன், படத்தோடு. காக்கிச்சட்டை போட்ட ஒருவர் நம் மொழியில் சுகம் விசாரித்துவிட்டால் அவர் நல்லவர் என்று முடிவுகட்டிவிடுவது நம்முடைய வியாதி. அதற்குப் பிறகு நாம் எதையும் விசாரிப்பதில்லை.

அவருடைய தமிழ் அன்றைக்கு எவ்வளவோ இன்றைக்கும் அவ்வளவுதான். வணக்கம், சகோதரன், சுகமா, சாப்பிட்டா, பிரச்சினை இல்ல, நம்ம ஆளுங்க, ரொம்ப சந்தோஷம். இன்னும் ஒரு முப்பது சொல் இருக்கலாம். என்னைவிட வயதில் இளையவர், ஆனால் என்னைத் தம்பி என்பார். எழுபது வயது அறங்காவலரையும் தம்பி என்பார். அண்ணன் என்ற சொல் அவரிடம் இல்லை. பன்விலப் பக்கம் ஏதாவது தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கூப்பிட்டால் வருவார், தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவார். நெற்றியில் வைத்த திருநீற்றை வாகனத்தில் ஏறுமுன் கைக்குட்டையால் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஒருமுறையல்ல. அடுத்து அவர் போகும் இடம் வேறாக இருக்கும். அதையும் நான் எழுதவில்லை.

அவருடைய அலுவலகத்துக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். கதிரைக்குப் பின்னால் சுவரில் ஆணி ஒன்றுதான். அதில் மாட்டிய தலைவரின் படம் ஆட்சிக்கு ஆட்சி மாறும். ஒருநாள் பெரஹெரா ஊர்வலத்துக்கு அனுமதி அட்டை எடுக்க அவர் அலுமாரியைத் திறந்தபோது உள்ளே பழைய படங்களைக் கண்டேன். ஒன்றையும் எறியவில்லை. கண்ணாடி உடையாமல் துணி சுற்றி, முதுகோடு முதுகாக நிறுத்தி வைத்திருந்தார். தோற்றுப்போன தலைவர்கள் எல்லாரும் அந்த இருட்டுக்குள் வரிசையில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “தம்பி, எல்லாரும் நம்ம ஆளுங்க” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

இனி இடமாற்றங்களுக்கு வருகிறேன். நம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்சி மாறினால், முந்திய ஆட்சியில் பழிவாங்கப்பட்ட அதிகாரிகளுக்கு நியாயம் வழங்க ஒரு குழு அமைப்பார்கள். அதில் வென்றவருக்கு இழந்த பதவி உயர்வை முன் திகதியிட்டுத் தருவார்கள். உண்மையிலேயே பழிவாங்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. அவர்களில் பலரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. நம் வணக்கம் சேரிடம் கடதாசி எப்போதும் இருந்தது. இடமாற்றம் வந்த அன்றே எனக்குத் தொலைபேசி எடுப்பார். “தம்பி, சுகமா? நமக்கு ட்ரான்ஸ்பர். பொலிட்டிக்கல். ஒரு சின்ன நியூஸ்.” நான் எழுதுவேன். இரண்டு மூன்று வருடம் கழித்து ஆட்சி மாறும். அந்தச் சின்ன நியூஸ் சத்தியக் கடதாசியோடு இணைந்து குழுவின் முன்னால் போகும். மற்ற அதிகாரிகள் வேலை செய்து மேலே போனார்கள். இவர் பழிவாங்கப்பட்டே மேலே போனார்.

மூன்றாவதை முதலில் சொல்கிறேன், அது வெறும் கோமாளித்தனம். தேர்தலில் தபால் வாக்கு முடிவைக் கேட்டுவிட்டு, வெல்லப்போகிறவர் என்று நினைத்த வேட்பாளரின் வீட்டுக்குப் பூச்செண்டோடு முதல் ஆளாகப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. வென்றவரின் ஆட்கள் அந்தப் பூச்செண்டைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் அவரைப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதற்கு நான் போட்ட தலைப்பு, ‘நேர்மைக்குக் கிடைத்த தண்டனையா?’ அம்மா அந்த நறுக்கை வாசித்துவிட்டு, “ஏங்க, மாப்பிள்ளை பாக்கப் போற எடத்துல தரகர்கூட இவ்வளவு நல்லது சொல்ல மாட்டாரு” என்றாள். இரண்டாவது இடமாற்றம், எதிரணியின் கூட்ட மேடையைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கழற்ற வைத்ததற்கு, அந்த எதிரணி ஆட்சிக்கு வந்தபின் கொடுத்த பதில். அதற்கும் ஒரு கேள்விக்குறித் தலைப்பு போட்டேன். கேள்விக்குறி எங்கள் தொழிலில் ஒரு கோவணம். உண்மை தெரியாதபோது அதைக் கட்டிக்கொள்வோம்.

முதலாவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் சுப்பையா என்று ஒருவர் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை செய்தார். தொழிற்சாலையில் ஒரு மோட்டார் காணவில்லை என்று தோட்டத்துத் துரை முறைப்பாடு செய்தார். பொலிஸ் சுப்பையாவைப் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்தது. எந்த நிலையம் என்று இங்கே எழுதவில்லை, எழுதினால் அதிகாரி யாரென்று தெரிந்துவிடும். அந்த நேரம் வணக்கம் சேர் பொலிஸ் அத்தியட்சகராக உயர்ந்திருந்தார், அந்தப் பகுதி அவருடைய பொறுப்பில் இருந்தது. மூன்றாம் நாள் மோட்டார் கிடைத்துவிட்டது. திருத்துவதற்காக டவுன் கடைக்கு அனுப்பியதைத் தோட்டத்து அலுவலகம் மறந்துபோயிருந்தது. சுப்பையாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார், பிறகு தொழிற்சங்கத்தின் உதவியோடு முறைப்பாடு கொடுத்தார். மேலிடத்தில் சத்தம் போடாமல் விசாரித்து, சத்தம் போடாமல் வணக்கம் சேரைக் கொழும்பில் வாகனப் பிரிவு மேசைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வும் நின்றது. அந்த மனிதருக்கு இந்த நாடு கொடுத்த ஒரே தண்டனை அதுதான்.

அன்று பின்னேரம் எனக்கு அழைப்பு வந்தது. தம்பி, சுகமா, பொலிட்டிக்கல். நான் ஒரு இடத்துக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. தொழிற்சங்கத்தைக் கேட்கவில்லை. மடுல்கெல்லவுக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும், ஆனால் ஏறவில்லை. ‘தமிழ் மக்களின் நண்பரான பொலிஸ் அதிகாரி திடீர் இடமாற்றம்: அரசியல் அழுத்தம் காரணமா?’ என்று எழுதி, தேரடியில் எடுத்த பழைய படத்தையே வைத்தேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என்னைப் புரிந்துகொள்வது உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பெரிய அதிகாரி என் பெயரைச் சொல்லி, என் மொழியில் கூப்பிடுகிறார் என்ற புளகாங்கிதத்துக்காகச் செய்தேன். இவ்வளவு மலிவாகப் போன நிருபனை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை.

அந்த நறுக்கு என்ன செய்தது என்று கேள். ஆட்சி மாறியதும் குழு கூடியது. இடமாற்றம் அரசியல் பழிவாங்கல் என்று தீர்மானமானது, பதவி உயர்வு முன் திகதியோடு வந்தது. இடமாற்றம் அரசியல் என்றால், அதற்குக் காரணமான முறைப்பாடு பொய் என்றுதானே ஆக வேண்டும். சுப்பையாவின் கோப்பை மூடிவிட்டு அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். சிங்களத்தில். அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அவர் கண்டிக்கு வந்து, யாரோ வழி சொல்ல, நம் வீட்டு வாசலில் நின்றார். நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். “ஐயா, நீங்க பேப்பர்காரர்னு சொன்னாங்க. இதுல என்ன போட்டிருக்குனு பாத்துச் சொல்லுங்க” என்றார். அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். நான் கடிதத்தை வாசித்தேன். உங்கள் முறைப்பாடு சிலரின் அரசியல் தூண்டுதலால் செய்யப்பட்டது என்று தெரியவருகிறது, ஆகவே மேல் நடவடிக்கை இல்லை. அதற்கு ஆதாரமாக நடுவில் ஒரு வரி இருந்தது. ‘தமிழ் நாளிதழ் ஒன்றில் வெளியான செய்தியும் இதை உறுதிப்படுத்துகிறது.’

அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னேன்.

அவர் கிளாசைக் கீழே வைத்தார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். நான் கேட்கவில்லை. “தமிழ்லதாங்க பேசினாரு. உள்ள வந்து ‘வணக்கம் தம்பி’ன்னாரு. எனக்குக் கொஞ்சம் தைரியமாகூட இருந்துச்சு, நம்ம பாஷையில பேசறாரேன்னு. ‘சாப்பிட்டா?’ன்னாரு. இல்லீங்க சேர்னேன். காதோட சேத்து அடிச்சாரு. எடது காது. அப்புறம் ‘சுகமா?’ன்னு கேட்டாரு. நிக்கிற பொலிஸ்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. அவருக்கு அதுக்கு மேல தமிழ் தெரியாது போலங்க. அதையேதான் மாத்தி மாத்திக் கேட்டாரு.” எழுதுவீர்களா என்று அவர் கேட்கவில்லை. பார்க்கலாம் என்று நானாகச் சொன்னேன். படலைவரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்தபோது அம்மா, “அவருக்குத் தெரிஞ்ச தமிழ் அம்புட்டையும் நீங்க எழுதிட்டீங்க. இத எப்ப எழுதப் போறீங்க?” என்றாள். நான் உடுப்பு மாற்றிக்கொண்டு வேறொரு செய்திக்குப் போனேன். என்ன செய்தி என்று நினைவில்லை.

தோட்டத்தில் சுப்பையாவுக்குப் ‘பொய்க் கேஸ் போட்ட ஆள்’ என்று பெயர் நின்றுவிட்டது. தொழிற்சாலையிலிருந்து எடுத்து மலையில் புல் வெட்டும் வேலைக்குப் போட்டார்கள். ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ போய் அவர் ஒன்று சொன்னால், பொலிஸ்காரரையே மாட்டிவிடப் பார்த்தவன் என்று ஒருவன் சிரிப்பான். இத்தனை வருடமாக அவர் கேட்பது ஒன்றே ஒன்று: தான் சொன்னது பொய்யில்லை என்று எழுத்தில் ஒரு வரி. நட்டஈடு கேட்கவில்லை. வணக்கம் சேர் இந்தமுறையும் வென்று, சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபராக முன் திகதியோடு ஓய்வு பெற்றுவிட்டால் அந்தக் கோப்பை யாரும் மறுபடி திறக்க மாட்டார்கள். பணியில் இருக்கிறவரைத்தான் அந்தக் குழு கூப்பிட முடியும்.

இத்தனை வருடம் பொறுத்தவன் இப்போது ஏன் ஆட்சேபம் எழுதினேன் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. மனச்சாட்சி விழித்தது என்று எழுதினால் அது இன்னொரு கேள்விக்குறித் தலைப்பு. உண்மை இது. இந்தப் புதிய ஆட்சி வந்து, புதிய குழு அமைந்து, விண்ணப்பம் கோரிய கிழமையே எனக்கு அழைப்பு வந்தது. “தம்பி, சுகமா? பழைய பேப்பர் ஒண்ணு வேணும். நம்ம முதல் ட்ரான்ஸ்பர். கொப்பி சரியில்ல, எழுத்து மங்கல்.” தொடர்ந்து பழிவாங்கப்பட்டவர் என்று காட்ட மூன்று நறுக்கும் தேவையாம், அதைப் பத்திரிகை அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கித் தர வேண்டுமாம். பிறகு, “உங்க மகன் நம்ம ஒஃபிஸுக்கு எடுக்கிறேன். நல்ல பையன். ரொம்ப சந்தோஷம்” என்றார். நல்ல பையன் என்ற இரண்டு சொல்லையும் உனக்காகப் புதிதாகக் கற்றிருக்கிறார். முத்திரை குத்தப் போகாமல் அன்றே ஆட்சேபத்தை எழுத உட்கார்ந்தேன். நீ பயிற்சி முடித்து வெளியேறிய அணிவகுப்புக்கு அவர் வந்து உன் தோளில் கை போட்டபோது நான்தான் படம் எடுத்தேன். அந்தப் படம் நம் வீட்டு அலுமாரிமேல் இருக்கிறது.

நீ கடைசியாகத் தொலைபேசியில் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன், சம்மதமில்லாவிட்டால் மன்னித்துக்கொள். “அப்பா, எல்லாரும் அவருக்கு மாலை போடுறப்ப முன்னுக்கு நின்னு படம் எடுத்தது நீங்க. இப்ப எனக்கு ஒரு நல்ல எடம் கெடைக்கிறப்ப மட்டும் உங்களுக்கு நியாயம் ஞாபகம் வருதா? நான் உள்ள இருந்தாத்தான் நாளைக்கு இன்னொரு சுப்பையாவுக்கு அடி விழாம பாக்கலாம்.” முதல் பாதி முழுக்க உண்மை. இரண்டாம் பாதியை நான் அவருடைய வாயிலும் கேட்டிருக்கிறேன், ஆட்சிக்கு ஒருமுறை, கதிரையில் சாய்ந்துகொண்டு. உள்ளே இருந்தால்தான் நல்லது செய்யலாம் என்று அவர் உள்ளேயே இருந்தார். அங்கே என்ன செய்தார் என்பதற்குச் சுப்பையாவின் காது இருக்கிறது.

அவர் உன்னைத் தேர்ந்தெடுத்தது உன் தமிழுக்காக என்று நினைக்காதே. தமிழ் தெரிந்த அதிகாரிகள் கண்டியிலேயே இருக்கிறார்கள். அதுவரை பேச்சில் மட்டும் இருந்த உன் இடமாற்றம், என் ஆட்சேபம் போய்ச் சேர்ந்த மறுகிழமைதான் எழுத்தில் வந்தது. சுப்பையா பேசுவதை நீ சிங்களத்தில் சொல்லும்போது, அதில் ஒரு சொல் குறைந்தாலும் நான் எழுந்து இது பிழை என்று சொல்ல மாட்டேன் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். சொன்னால் என் மகனைப் பொய்யன் என்று சபையில் சொன்னவனாவேன். நீ சரியாகச் சொன்னாலோ, தகப்பனுக்காகச் சொன்னான் என்று ஆக்கிவிடுவார். என்னை அவர் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார், அது எனக்குப் பெருமையில்லை. நாற்பது சொல் தமிழோடு இவ்வளவு தூரம் வந்தவர் முட்டாள் இல்லை. இழிவானவர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

போன ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்லவுக்குப் போனேன். சுப்பையா தன் லயத்து வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சாட்சிக்கு வருவதாக அவர் தொழிற்சங்கம் மூலம் முன்பே ஒத்துக்கொண்டிருந்தார். அன்று நான் சொல்லப் போனது அந்த விட்டுப்போன வரியை. சொன்னேன். கேட்கிற வலது காதைத் திருப்பி மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். “அப்ப அந்தப் பேப்பர்ல எழுதினது நீங்களாங்க” என்றார். ஆமாம் என்றேன். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நான் ஒங்க வீட்டு டீய குடிச்சிட்டு நல்ல மனுசன்னு நெனச்சிக்கிட்டுல்ல போனேன்.” பிறகு, மொழிபெயர்க்க வருவது என் மகனாக இருக்கலாம் என்றும் சொன்னேன். அவர் கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்டினார். உள்ளே அடுப்படியிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. “அப்பன் ஒரு வரிய விட்டாரு. மகன் எத்தன வரிய விடுவாரோ.”

“நீ சும்மா இரு” என்றார் சுப்பையா, உள்பக்கம் திரும்பாமல். அவள் சும்மா இருக்கவில்லை. “இல்ல, கேக்கறேன். அங்க போயி இவரு காது வலிச்சுதும்பாரு, அவரு காது குத்தினாங்கன்னு சொல்லுவாரு. நமக்கென்ன வெளங்கவா போகுது?” பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். மகனே, என் தொழிலைப் பற்றி இவ்வளவு துல்லியமான விமர்சனத்தை நான் எந்த ஆசிரியரிடமும் கேட்டதில்லை.

ஆகவே நான் செய்ததை உனக்குச் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்க்க வரவிருப்பவர் விண்ணப்பதாரருக்குக் கீழே வேலை செய்பவர், ஆட்சேபம் தெரிவித்தவரின் மகன், இரண்டு காரணமும் தனித்தனியே போதுமானவை, நீதிமன்றத்தில் சத்தியம் செய்த உரைபெயர்ப்பாளர் ஒருவரை அழையுங்கள் என்று நேற்றே குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ தடுத்திருப்பாய். என் கடிதத்தை அவர்கள் குப்பையில் போடலாம், கிழவன் சொல்கிறான் என்று. அதே கடிதம் உன்னிடமிருந்து வந்தால் போட முடியாது. என் தகப்பன் இதில் எதிர்த்தரப்பு, நான் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கக்கூடாது என்று ஒரு வரி எழுது. வேறு விளக்கம் வேண்டாம், வீரம் வேண்டாம். அதற்காக அவர் உன்னை எங்காவது தூக்கியடிப்பார். அது உண்மையான பழிவாங்கலாக இருக்கும். அடுத்த ஆட்சி வந்ததும் அதற்கு விண்ணப்பம் போடப் போகாதே.

எழுத மாட்டாய் என்றால், அல்லது எழுதியும் உன்னையே உட்கார வைத்தால், எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம், அவருக்காகவும் செய்ய வேண்டாம். சுப்பையாவின் வலப்பக்கம் கதிரையைப் போட்டுக்கொள். அவர் சொல்வதை அவர் சொல்லும் வரிசையிலேயே சொல். ‘சாப்பிட்டா’ என்பதற்கு ‘விசாரித்தார்’ என்று சொல்லிவிடாதே, ‘சாப்பிட்டா’ என்றே சொல், பிறகு அதன் பொருளைச் சொல். அவர் தடுமாறினால் காத்திரு. என்னைப் பற்றி, அந்த நறுக்கைப் பற்றி, அந்த வரியை நான் விழுங்கியதைப் பற்றி அவர் சொல்வார். அதையும் முழுதாகச் சொல். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், என் முகத்தைப் பார்க்காதே.

இது அச்சுக்குப் போகும்போது தெரியாமல் இருப்பவை இரண்டு. இடமாற்றத்துக்கு உன் பதில் வரும் திங்கட்கிழமை அலுவலக நேரம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். நீ என்ன எழுதினாய், எழுதினாயா என்று எனக்குத் தகவல் இல்லை. மொழிபெயர்ப்பாளர் விடயத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடிவுசெய்வதாகக் குழுவின் செயலகம் சொல்கிறது. விசாரணை அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கண்டியில். சுப்பையாவுக்கு வந்த அழைப்புக் கடிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது. இந்தமுறை எல்லா வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். அவருடைய பெயர் சரி, தோட்டத்து முகவரி சரி, நேரம் சரி. ‘மொழிபெயர்ப்பாளர்’ என்பதற்கு எதிரே புள்ளிக்கோடு மட்டும் இருக்கிறது, பெயர் இன்னும் எழுதப்படவில்லை.

அப்பா